பாலம் யாருடையது என்று கேட்டவருக்கு

என்றைக்கும் என் இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பெயரைப் போட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். உங்களிடம் வேலை செய்த நிஸ்தார் சொல்கிறான். பத்திரிகைக்குக் கொடுக்கிற கடிதம் என்றால் யாருக்கு எழுதியது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை இப்போது எழுதச் சொன்னால் கை வருமா? "இஞ்சாருங்கோ" என்று மன்னார் கடைத்தெருவில் ஒருநாள் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பாத ஒரே ஆள் நீங்கள்தான். மீன்காரரிடம் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

இன்று காலை பாப்பாமோட்டைக்கு நடந்து போய்வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கவில்லை. மாரித் தண்ணீர் இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு போகிறது. நான் அதற்கு மேலே, பாலத்தின் நடுவில், கைபிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணியடித்து என்னை ஓரத்துக்கு விரட்டினார்கள். இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்கள் ஒரேயொரு தவணை பாராளுமன்றத்தில் இருந்தீர்கள். மந்திரி ஆகவில்லை. மந்திரிகளுக்குப் பக்கத்திலும் இருக்கவில்லை. யாருக்கும் வேலை எடுத்துக் கொடுக்கவில்லை, அதற்காக என் சொந்தத் தம்பியே நம் வீட்டுப் படலையைத் திறக்காமல் விட்டான். நீங்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான். கேள்வி கேட்டீர்கள். எழுத்தில் கொடுத்து, முறைப்படி அச்சேற்றி, மந்திரி எழுந்து நின்று விடை சொல்லியாக வேண்டிய கேள்விகள். "கேள்வி எம்.பி." என்று ஊர் பெயர் வைத்தது. நானும் வீட்டுக்குள் சில நேரம் அப்படித்தான் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்காமல்.

பாலத்தின் கதையையும் சொல்ல வேண்டும். நம்முடைய ஊருக்கும் பாப்பாமோட்டைக்கும் நடுவில் ஓடும் ஓடைக்கு மேலே முன்பு ஒரு பாலம் இருந்தது. சண்டைக் காலத்தில் உடைந்தது, உடைந்தபடியே கிடந்தது. கோடையில் ஓடைக்குள் இறங்கி ஏறலாம். மாரியில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை, எங்கள் வயலில் பாதி, சுடலையும்கூட. இடுப்பளவு தண்ணீருக்குள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடந்த அப்பாமார் இன்னும் இருக்கிறார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் மனு எழுதினோம். "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி, "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று முடித்து, அடியில் "பிரதிகள்" என்று போட்டு ஒரு நீண்ட வரிசை. வீதிக் கந்தோர், தண்ணீருக்குப் பொறுப்பான கந்தோர், பிரதேச சபைக் கந்தோர், மாவட்டச் செயலகமான கச்சேரி, எம்.பி.மார், பாதிரியார், மௌலவி வரைக்கும் பிரதி போகும். பிரதி கூடினால் பலம் கூடும் என்பது எங்கள் நம்பிக்கை. பிரதி போடாத மனுவில் கையெழுத்து வைக்கவே ஆட்கள் யோசிப்பார்கள்.

அதில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் நீங்கள். எம்.பி. ஆன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய மனுக்களுக்கு வந்த பதில்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். நான் புட்டு வைக்க இடமில்லாமல் சத்தம் போட்டேன். நீங்கள் நிமிரவே இல்லை.

"இஞ்சாருமப்பா, இதைப் பாருமன். வீதிக்காரர் சொல்லினம், வாய்க்கால்காரர் பாக்கினமாம். வாய்க்கால்காரர் சொல்லினம், சபை பாக்குதாம். சபை சொல்லுது, வீதிக்காரருக்கு அறிவிச்சாச்சாம்."

"அப்ப எல்லாரும் பாக்கினம்தானே? பிறகென்ன?"

"அதுதான் பிழை. எல்லாருக்கும் பிரதி போட்டம். பிரதியைப் பாத்த ஒவ்வொருத்தரும் மற்றவர் செய்வார் எண்டு பேசாமல் இருந்திட்டினம்."

"இதைச் சொல்லத்தான் என்ர புட்டை ஆற வைச்சனீங்களோ?"

ஆறிய புட்டைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் கேள்வி பிறந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது புட்டு ஆறியது மட்டும்தான்.

முதலில் நீங்கள் எழுதிய கேள்வி எவ்வளவு பெரியது! "பாராமுகம்" இருந்தது, "வஞ்சனை" இருந்தது, மக்களின் கண்ணீர் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் அழுதே விட்டேன். கொழும்பில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேள்வியில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாதாம், வாதம் இருக்கக் கூடாதாம், கேட்க வேண்டியதை மட்டும் கேட்க வேண்டுமாம். அந்த வாரம் பஸ்ஸால் இறங்கி வந்தபோது உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்ததாக "எப்போது திருத்துவீர்கள்?" என்று கேட்டீர்கள். அதற்கு விடை வந்தது. நிதி கிடைத்ததும் திருத்தப்படும். அவ்வளவுதான். நிதி எப்போது கிடைக்கும், யாருக்குக் கிடைக்கும், ஒன்றும் இல்லை. "நல்ல மறுமொழிதானே" என்றேன் நான். "நல்ல மறுமொழிதான், ஆனா அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு கந்தோர் வாசலிலயும் ஏற ஏலாது" என்றீர்கள்.

பிறகு தாராபுரத்திலிருந்து நிஸ்தார் வந்து சேர்ந்தான், உங்கள் செயலாளராக. நீங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தீர்கள். ஒவ்வொரு கோபமாக வெட்டினீர்கள். "கோபத்தையெல்லாம் வெட்டினா என்னதான் மிஞ்சும்?" என்று கேட்டேன். நிஸ்தார்தான் சொன்னான்: "அக்கா, கோபம் இருந்தா மினிஸ்டர் கோபத்துக்கு மறுமொழி சொல்லிப்போட்டு இருந்திடுவார். கேள்விக்குச் சொல்லமாட்டார்." கடைசியில் மிஞ்சியது இதுதான். எனக்கு மனப்பாடம்.

"(அ) பாப்பாமோட்டைக்குச் செல்லும் பாதையில் ஓடைக்குக் குறுக்கே உடைந்த பாலமொன்று உள்ளது என்பதை அவர் அறிவாரா? (ஆ) அப்பாலம் எந்த நிறுவனத்துக்கு உரியது என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்?"

அங்கே கேள்விகள் எல்லாம் அப்படித்தான் முடியுமாம், "இன்றேல், ஏன்?" என்று. அந்த மூன்றாவது துண்டை நான் எவ்வளவு பாடாய்ப் படுத்தினேன்! சந்தைக்குப் போய் வெறுங்கையோடு வந்தால் வாசலிலேயே மறித்துக் கேட்பேன்: "(அ) வெங்காயம் வாங்கினீங்களோ? (ஆ) எங்க? (இ) இன்றேல், ஏன்?" நீங்கள் மந்திரியைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, "விடையளிக்க இரண்டு கிழமை அவகாசம் கோருகிறேன்" என்பீர்கள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியவற்றில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் சிரித்தது வேறு மாதிரி. பாப்பாமோட்டைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதுதான் பேச்சு. "பாலம் கட்டித் தா எண்டு கேக்காமல், பாலம் ஆருடையது எண்டு கேட்டிருக்கிறார் மனுசன். இதைக் கேக்கவோ இவ்வளவு தூரம் பஸ் ஏறினவர்?" எனக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்தது. கேட்டேன், சண்டையே போட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "இஞ்சாருமப்பா, நாங்கள் எழுதின மனுவெல்லாம் கீழ இருந்து மேல போச்சு. மேல போனது மேலயே இருந்திட்டுது. இந்தக் கேள்வி மேல இருந்து கீழ வரும். மினிஸ்டரிட்ட இருந்து செயலாளர், செயலாளரிட்ட இருந்து பணிப்பாளர், அவரிட்ட இருந்து கந்தோர், கந்தோரில இருந்து ஓடைக்கரை. ஆரோ ஒருத்தர் வந்து பாத்துத்தான் எழுதோணும். இல்லாட்டி பாராளுமன்றத்துக்குப் பொய் சொன்னதாப் போயிடும்."

ஓடைக்கரைக்கு யாரும் வரவில்லை. பாராளுமன்றச் சபையில் உங்கள் கேள்வி வந்த அன்று மந்திரி அவகாசம் கேட்டார். திரும்ப வந்தபோதும் அவகாசம். அதற்குள் பாராளுமன்றம் கலைந்தது. அப்படிக் கலைந்தால் விடை கிடைக்காத கேள்விகளும் அதோடு செத்துப்போகுமாம். உங்கள் கேள்வியும் செத்தது.

அந்த எலக்சன் மேடையை நான் மறக்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக நின்ற ஒரு பொடியன், எல்லோரும் தம்பி என்று கூப்பிடுகிறவன், வெள்ளை உடுப்பும் ஒலிபெருக்கியுமாக, நம் ஊர் ஆலமரத்தடியில் நின்று கத்தினான்: "பாலம் ஆருடையது எண்டு கேக்கிறதுக்கு ஒராளைக் கொழும்புக்கு அனுப்பினீங்கள்! நான் கேக்கமாட்டன், கட்டுவன்!" என்ன கைதட்டு! நம் பக்கத்து வீட்டுக்காரரும் தட்டினார். அவன் வென்றான், நீங்கள் தோற்றீர்கள். மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஓடையைக் கடந்து வயலுக்குப் போனீர்கள். யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் அந்தப் பொடியனின் பெயரைக் கேட்டாலே பல்லுக் கடிபட்டது.

பிறகு உங்கள் நெஞ்சு நின்றது. மாரிக் காலம், மழை விட்டிருந்த ஒரு நாள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. செத்தவீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். சுடலை ஓடைக்கு அந்தப் பக்கம். உங்களைத் தண்ணீருக்குள்ளால்தான் கொண்டு போக வேண்டியிருந்தது. நிஸ்தார் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மரியாதைக்கு என்று வந்த அந்தத் தம்பி எம்.பி.யும் எல்லோரும் பார்க்க முன்னுக்கு வந்து தோள் கொடுத்தான். கரையோடு விலகிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். விலகவில்லை. வெள்ளை உடுப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான். நடுவில் கால் சறுக்கிப் பாடை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. "சேரைத் தண்ணிக்குள்ள விட்டிடாதேங்கோ!" என்று நிஸ்தார் கத்தியிருக்கிறான், உங்களை "சேர்" என்றே கூப்பிட்டுப் பழகியவன். எல்லோருமாகச் சேர்ந்து தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தம்பியின் ஒரு செருப்பு ஓடையோடு போய்விட்டது.

இதை நிஸ்தார் எனக்குச் சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் மேல் தண்ணீர் பட்டதா? "இல்லை அக்கா, அல்லாஹ் காப்பாத்தினான்" என்றான். இனி ஒருத்தரையும் அப்படிக் கொண்டு போகக் கூடாது என்று அன்றைக்கு மனதில் ஒரு வைராக்கியம் விழுந்தது. ஆனால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது மனு எழுதுவதும் பிரதி போடுவதும்தான்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்த பிறகு ஒருநாள் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். கூட்டம் இல்லை, வெள்ளை உடுப்பு இல்லை, தனியே வந்தான். உங்கள் கதிரையில் உட்காரப் போனவனை வேறு கதிரையைக் காட்டி உட்கார வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். வேண்டுமென்றே சீனி போடவில்லை. முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தான்.

"அக்கா, பாலத்துக்காக மூண்டு கந்தோருக்கும் போயிட்டன். ஒருத்தரும் தங்கட எண்டு சொல்லீனமில்லை. கட்டுவன் எண்டு மேடையில சொன்னனான். ஆரைக் கொண்டு கட்டுறது?"

"அதைத்தான் அவரும் கேட்டவர்."

"ஓம் அக்கா."

"நீங்கள் பகிடி பண்ணினீங்கள்."

"ஓம் அக்கா." தலை நிமிரவில்லை. "சேரைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கினாப் பிறகுதான் எனக்கு விளங்கினது. அவற்ற கேள்வியை நான் திரும்பக் கேக்கலாமோ? ஒரு சொல்லும் மாத்தமாட்டன். உங்களிட்டக் கேக்காமல் செய்ய மனம் வரேல்லை."

கேள்வி அச்சில் இருக்கிறது, யாரும் எடுத்துக் கேட்கலாம். என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குசினிக்குள் போய் நின்றேன். உங்களைத் தோற்கடித்த வாய் உங்கள் கேள்வியைக் கேட்டுப் பெயர் எடுக்கப் போகிறதா? பாலம் வந்தால் ஊர் அவனைத்தானே தோளில் தூக்கும்? அடுப்படியில் நின்று உங்களோடுதான் வாதாடினேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? "குடுத்துவிடுமப்பா, அவரும் கேக்கட்டும். பாலம் வேணுமோ, பேர் வேணுமோ?" என்றிருப்பீர்கள். உங்களிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். எதையும் நம்முடையது என்று பிடித்து வைத்திருக்கத் தெரியாது.

சீனிப் போத்தலைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

"கேளுங்கோ தம்பி. ஆனா மினிஸ்டர் அவகாசம் கேட்டா வெக்கப்பட்டு விட்டிடக் கூடாது. இவர் ரெண்டு தரம் கேட்டவர். மிச்சம் உங்கட."

நிஸ்தாரை அவனோடு வேலைக்குச் சேரச் சொன்னதும் நான்தான். நிஸ்தார் முதலில் மாட்டேன் என்று நின்றான். "கேள்வி சேருடையது. அதை ஒழுங்காய்க் கேக்க வைக்கிறது உம்முடைய பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதர். இது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

மந்திரி அவகாசம் கேட்டார். கேட்காமல் இருப்பாரா? தம்பி திரும்பக் கேட்டான். அதற்குப் பிறகுதான் அந்தக் காலை வந்தது.

முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஜீப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எங்கள் ஊர்ப் பாதையில் ஒரே நாளில் மூன்று ஜீப்! விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடைக்கரைக்கு ஓடினேன். பாதி ஊர் எனக்கு முன்னே நின்றது. வீதிக்காரர், வாய்க்கால்காரர், சபைக்காரர், மூன்று பகுதியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே இடத்தில், உடைந்த பாலத்தின் முன்னால். கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உடனே விடை வேண்டுமாம்.

"தண்ணி எங்கட, ஓம். மேல இருக்கிற கொங்கிறீட் எங்கட இல்லை" என்கிறார் ஒருவர். "பாதை எங்கட. ஆனா வாய்க்காலுக்கு மேல இருக்கிறதை நாங்கள் எப்பிடித் தொடுறது?" என்கிறார் மற்றவர். சபைக்காரர் தாங்கள் எப்போதோ கையளித்துவிட்டதாகச் சொல்கிறார். கையளித்தது யாருக்கு என்று கேட்டால் யோசிக்கிறார். அளவுநாடா பிடித்து அளக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கையை வீசிக் கதைக்கிறார்கள். நல்ல வெயில். பாவம் என்று வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் வயதான அதிகாரி ஒருவர் குடித்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ? இது உண்மையில ஆருடைய பாலம்?"

"அதைத்தான் என்ர மனுசனும் கேட்டவர், ஐயா."

ஊர் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். முன்பு உங்களைப் பார்த்துச் சிரித்த அதே ஊர்தான். கைதட்டிய பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, "மனுசன் அப்பவே சொன்னவர், என்ன?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பை வாங்கினேன். எனக்கும் கொஞ்சம் கொழுப்பு இருக்கட்டும். ஆனால் உள்ளே என்ன நடந்தது தெரியுமா? உங்கள் கேள்வி நீங்கள் சொன்ன படிகளில் எல்லாம் இறங்கி, நடந்து, எங்கள் ஓடைக்கரைக்கே வந்து நிற்கிறது. அதைப் பார்க்க நீங்கள் இல்லை. நான் பார்த்தேன். உங்களுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

விடை வந்த நாளில் நிஸ்தார் போனில் காட்டினான். மந்திரி எழுந்து வாசித்தார். "(அ) ஆம். (ஆ) மேற்படி பாலம் வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு உரியது. (இ) எழவில்லை." அவ்வளவுதான். மூன்று வரி. ஏன் என்ற கேள்விக்கே இனி இடமில்லையாம், அதுதான் "எழவில்லை". இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்கு வந்தது. நிஸ்தார் துள்ளினான். "அக்கா, இனி அவையள் எங்கட இல்லையெண்டு சொல்லேலாது. சபையில சொன்னதை மாத்தினா மினிஸ்டர்தான் நிண்டு மறுமொழி சொல்லோணும்." சபையில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அச்சில் இருக்கும், நாடு இருக்கும் வரைக்கும் இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதோடு முடியவில்லை. விடை வந்த பிறகு கேட்டவர் மேலதிகமாக ஒரு கேள்வி கேட்கலாம். தம்பி எழுந்தான். தன்னைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் சொன்னான்: "கௌரவ சபாநாயகர் அவர்களே, இது என்னுடைய கேள்வி அல்ல. எனக்கு முன் இந்த ஆசனத்தில் இருந்தவர் கேட்ட கேள்வி. விடை கிடைக்கும் முன் அவர் காலமாகிவிட்டார். அவரை அந்த ஓடைக்குள்ளால் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன்." பிறகு உங்கள் பெயரைச் சொன்னான். "கௌரவ" என்று போட்டு, முழுப் பெயரையும் சொன்னான். நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். பிறகு கேட்டான்: "அடுத்த மாரிக்கு முன்னர் இத்திணைக்களம் தனது பாலத்தைக் கட்டுமா?"

"தனது பாலம்" என்ற அந்தச் சொல்லைத்தானே நீங்கள் தேடினீர்கள்? நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பொடியன் மேல் வைத்திருந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது வந்தால் இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் கொடுக்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். தங்களுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு அவர்களே வந்தார்கள், அளந்தார்கள், கோடையில் தொடங்கினார்கள். வேலை இழுபட்டபோது தம்பி இன்னொரு கேள்வி எழுதிக் கொடுத்தான். மழைக்கு முன் முடித்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்குக் கொடி கட்டினார்கள், பேசினார்கள். கல்லில் பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர் இல்லை. தம்பி அதற்காக வருத்தப்பட்டான், சண்டை பிடிக்கவா என்றுகூடக் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏன் தெரியுமா? பாலத்தின் அந்தக் கரையில், கல்லுக்கு எதிர்ப்பக்கம், ஒரு சின்னத் தகரப் பலகை நட்டிருக்கிறார்கள். மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது, இந்தப் பாலம் இன்ன திணைக்களத்துக்கு உரியது என்று. எல்லாப் பாலத்திலும் நடுகிற பலகைதான். ஒருவரும் நின்று வாசிப்பதில்லை. ஆடுகள் அதில் முதுகு உரசுகின்றன. நான் மட்டும் போகும்போதும் வரும்போதும் நின்று வாசிக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை, மழையிலும் வெயிலிலும் அங்கே நிற்கிறது. சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு வருகிறேன்.

உங்களுக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. இருந்தபோது சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று விட்டேன். இப்போது சொல்கிறேன். தோற்ற பிறகும் யாரையும் திட்டாமல் வயலுக்குப் போனதற்கு நன்றி. என் கோபத்தையும் சேர்த்து வெட்டி எறிந்ததற்கு நன்றி. கேள்வியை உங்கள் பெயரில் பூட்டி வைக்காமல் இன்னொருவர் எடுத்துக் கேட்கக் கூடியதாக எழுதிவைத்துவிட்டுப் போனதற்கு, எல்லாவற்றிலும் பெரிய நன்றி.

போன கிழமை முசலிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் ஒரு கிணறு, தண்ணீர் உப்பாகிவிட்டது, யாரும் பொறுப்பெடுக்கவில்லை. கையில் மனு. அடியில் பார்த்தேன், நம்முடையதைவிட நீளமான பிரதி வரிசை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் பயந்துபோனார்கள். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, நிஸ்தாருக்குப் போன் எடுத்தேன். நம் சாப்பாட்டு மேசையில் இப்போது உப்புத் தண்ணீர்க் கேள்வி கிடக்கிறது. நேற்று எனக்குப் புட்டு வைக்க இடமில்லை.

நான் உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன். இனி ஒரு காலமும் பிரதி போடமாட்டேன். கேட்க வேண்டியவரை ஒருவராகப் பிடித்து, கேட்க வேண்டியதை ஒன்றாகக் கேட்பேன். அவகாசம் கேட்டால் கொடுப்பேன், பிறகு திரும்பக் கேட்பேன். என்னால் முடியாமல் போனால் வேறு யாராவது கேட்கும்படி அதை விட்டுவிட்டு வருவேன்.

இப்போது உங்களுக்கு ஒரு வினா. முறைப்படிதான் கொடுக்கிறேன்.

(அ) பாலம் கட்டி முடிந்துவிட்டது என்பதை நீங்கள் அறிவீர்களா?

(ஆ) அதன் நடுவில் நின்று நான் ஒவ்வொரு காலையும் உங்களைத் தேடுகிறேன் என்பதை அறிவீர்களா?

(இ) இன்றேல், ஏன்?

விடைக்கு எவ்வளவு அவகாசம் வேண்டுமானாலும் எடுங்கோ. நான் அங்கே வந்ததும் நேரில் சொன்னால் போதும். அந்தப் பாலத்தால்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவருடைய காலும் நனையாது.

அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்,
நீங்கள் "இஞ்சாருமப்பா" என்று கூப்பிட்ட உங்கள் மனைவி.